மதுரையிலிருந்து தொழில்முறை பேஸ்பாலுக்கு: பந்தெறியும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ, வைகை வறண்டு கிடக்கும் மாதங்களில் ஆற்றுமணலிலோ, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களிலோ கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளில், எல்லைக்கோட்டருகே பந்தைப் பொறுக்கி, அது தரையில் ஒருமுறைகூடப் படாமல் விக்கெட் கீப்பரின் கைக்கு நேராக எறிந்து சேர்ப்பவன் ஒருவனாவது இருப்பான். பேஸ்பாலில் அந்தக் கைக்குத்தான் மதிப்பு. வேகமாகப் பந்து வீசுகிறவனைத்தான் பேஸ்பாலுக்கு அனுப்ப வேண்டும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் கிரிக்கெட் பந்துவீச்சில் மடங்கிய முழங்கையை வீசும்போது நிமிர்த்தக் கூடாது, பேஸ்பாலில் அதை மடக்கிச் சாட்டையைப் போல விசிறி எறிய வேண்டும். ஆகவே உடற்கல்வி ஆசிரியர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பந்துவீச்சாளர்களை அல்ல, தொலைவிலிருந்து தாழ்வாகவும் நேராகவும் எறியும் ஃபீல்டர்களையும், ஈட்டி எறியும் மாணவர்களையும்தான்.

இந்த வழி ஏற்கெனவே ஒருமுறை திறந்திருக்கிறது. 2008-ல் இந்தியாவில் நடந்த பந்தெறியும் போட்டி ஒன்றிலிருந்து, உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்கள் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அதற்குமுன் பேஸ்பால் ஆடியே இராத இருவரும் 2009-ல் அந்த அணியின் கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீகில் களமிறங்கினார்கள். இருவருமே அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீகை எட்டவில்லை. படேல் சீக்கிரமே விடுவிக்கப்பட்டார், சிங் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்துக் காயங்களால் பின்தங்கி, பிறகு மல்யுத்தக் காட்சித் துறைக்குச் சென்றார். இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் மேஜர் லீகில் இதுவரை ஆடியதில்லை. இந்த உண்மையைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே வேளையில், பேஸ்பால் வேரூன்றாத நாட்டிலிருந்து யாருமே போனதில்லை என்று எண்ணுவதும் தவறு. தென்னாப்பிரிக்காவின் கிஃப்ட் எங்கோபே, தாய் வேலை பார்த்த பேஸ்பால் மன்றத்தின் கட்டடத்திலேயே வளர்ந்தவர். 2008-ல் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தமாகி, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மைனர் லீகுகளில் உழைத்து, 2017 ஏப்ரலில் ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் மேஜர் லீக் வீரரானார். அதே வாரத்தில், அதே அணிக்காக, லிதுவேனியாவில் வளர்ந்த தோவிதாஸ் நெவராஸ்கஸ் தம் நாட்டிலிருந்து வந்த முதல் பிட்சராக, அதாவது பேட்டருக்குப் பந்தெறிபவராக, ஆடினார். இவர்கள் இருவரும் பதின்வயதிலேயே ஒப்பந்தமானவர்கள் என்பதை நம் பிள்ளைகளின் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் பிட்சராகவே முயல வேண்டும்?

மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வரும் பந்து, பிட்சரின் கையை விட்டு, பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட்டை அடைய அரை விநாடிக்கும் குறைவான நேரமே எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் பந்தின் சுழற்சியைப் படித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் பழக்கம், சின்ன வயதிலிருந்து பல்லாயிரம் பந்துகளை எதிர்கொண்டால்தான் வரும். தரையில் பட்டு எழும் பந்துக்குப் பழகிய நம் மட்டையாளருக்கு, தரையையே தொடாமல் கடைசி நொடியில் விலகும் பந்து முற்றிலும் வேறானது. பதினான்கு, பதினைந்து வயதில் பேஸ்பாலைத் தொடங்கும் ஒருவர் பேட்டராக உயர்மட்டத்தை எட்டுவது மிக அரிது. எறியும் கையோ, இயற்கையிலேயே வலுவாக அமைந்துவிட்டால், தாமதமாகத் தொடங்கினாலும் ஓரளவு ஈடுகட்டக்கூடியது. இடதுகைக்காரராக இருந்தால் மதிப்பு இன்னும் கூடும்.

கருவிகளுக்குத் தொடக்கத்தில் பெருஞ்செலவு தேவையில்லை. பேஸ்பால் ஏறத்தாழ 142 முதல் 149 கிராம் எடையுள்ளது. கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலேசானது, தையலின் வடிவமும் வேறு. ஆகவே கிரிக்கெட் பந்தை வைத்து விரல் பிடியைப் பழகக் கூடாது. மதுரைக் கடைகளில் கிடைக்காவிட்டால், விளையாட்டுப் பொருள்கள் உற்பத்தியாகும் மீரட், ஜலந்தர் நகரங்களிலிருந்து பந்துகளையும், பந்தைப் பிடிக்க அணியும் கிளவையும் வரவழைக்கலாம். கிளவ் எறியாத கையில் அணிவது. இடதுகையால் எறிபவருக்கு வலதுகை கிளவ் வேண்டும் என்பதை வாங்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மேடு கட்டுவது

சமதரையில் எறிந்து பழகிவிட்டுப் போட்டியன்று பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறினால், முன்கால் எதிர்பார்த்த இடத்தில் தரையைத் தொடாது. பந்து உயரப் போகும், தோளும் முழங்கையும் கூடுதல் சுமையை ஏற்கும். எனவே பயிற்சி தீவிரமாகும் முன் பள்ளியிலோ ஊர் மைதானத்தின் ஓர் ஓரத்திலோ ஒரு மேடு அமைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பணத்தைவிட உழைப்புதான் அதிகம் தேவை.

விதிப்படி பிட்சர் கால் வைக்கும் ரப்பர் பட்டை 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்டது. அதன் முன்விளிம்பிலிருந்து ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். ரப்பர் இருக்கும் தளம் ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். ரப்பருக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து சரிவு தொடங்கி, ஒவ்வோர் அடிக்கும் ஓர் அங்குலம் வீதம் இறங்க வேண்டும். பயிற்சிக்கு 18 அடி விட்டமுள்ள முழு வட்ட மேடு அவசியமில்லை. ஐந்தடி அகலத்தில் ஒரு பட்டையாகக் கட்டினாலே போதும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 46 அடித் தொலைவே முறையானது, அவர்களை முழுத் தொலைவில் எறியவிடக் கூடாது.

நம் வட்டாரத்துச் செம்மண் மட்டும் போட்டால் காய்ந்ததும் பொடிந்து உதிரும். கரிசல் மட்டும் போட்டால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டையும் கலந்து, ரப்பருக்கு முன்னும் முன்கால் விழும் இடத்திலும் களிமண் அளவைக் கூட்டிப் போட வேண்டும். கண்மாய் மண் எடுப்பதானால் முறையான அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். ஒரேயடியாகக் குவித்து மட்டப்படுத்தாமல், இரண்டு அங்குலம் மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அது இறுகியபின் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனாரின் ரசமட்டமும் ஒரு நூலும் போதும். ஒவ்வொரு நாள் பயிற்சிக்குப் பின்னும் முன்கால் விழுந்த பள்ளத்திலிருந்து உதிரி மண்ணை அகற்றி, ஈரக் களிமண் வைத்து இடித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். இந்தப் பள்ளத்தைக் கவனிக்காமல் விடுவதால் கணுக்கால் பிசகுவது எளிதில் நடக்கும்; பராமரிப்பை எறிகிற பிள்ளையே செய்யப் பழகுவது நல்லது.

கையைக் காப்பது

ஒரு பிட்சருக்கு முதலீடு அவரது முழங்கை. முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்துபோனால் செய்யும் மாற்று அறுவைச் சிகிச்சை, 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தது. இன்றும் அந்த வீரரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதிலிருந்து மீண்டு முழு வேகத்தில் எறிய ஓராண்டுக்கு மேலாகும். அமெரிக்காவில் அணியின் செலவில் மருத்துவம் பார்த்துக்கொள்ளும் வீரர்களுக்கே இது கடினமான காலம் என்றால், ஒப்பந்தம் ஏதும் இல்லாத மதுரைச் சிறுவனுக்கு அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்டுள்ள வரையறைகளைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம். 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேலும், 13 முதல் 16 வயதினர் 95-க்கு மேலும், 17, 18 வயதினர் 105-க்கு மேலும் எறியக் கூடாது. 15, 16 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 30 பந்துகள் வரை எறிந்தால் மறுநாளே எறியலாம். 31 முதல் 45 வரை எறிந்திருந்தால் ஒரு நாள், 46 முதல் 60 வரை என்றால் இரண்டு நாள், 61 முதல் 75 வரை என்றால் மூன்று நாள், அதற்கு மேல் என்றால் நான்கு நாள் ஓய்வு வேண்டும். ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும், பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் இருக்கக் கூடாது. வளைபந்துகளை, நேர்பந்தும் வேகம் குறைத்து எறியும் பந்தும் நன்றாகக் கைவந்த பிறகே தொடங்க வேண்டும்.

ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் எறியாமல் இருக்க வேண்டும், அவற்றில் இரண்டு மூன்று மாதங்களாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் அந்த வரையறைகளில் உண்டு. நம் ஊருக்கு இதைப் பொருத்துவது எளிது: பிப்ரவரி நடுவிலிருந்து பொதுத்தேர்வு முடியும் ஏப்ரல் வரை ஒரு நீண்ட ஓய்வு, ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் போட்டி இல்லாத வாரங்களைச் சேர்த்து இன்னோர் ஓய்வு. ஓய்வு என்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கி எறிவதற்கு மட்டுமே ஓய்வு. ஓட்டமும் கால், இடுப்பு வலுவுக்கான பயிற்சியும் தொடரலாம்.

எங்கள் பக்கத்தில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மேட்டில் 70 பந்துகள் எறிந்தவன், ஞாயிற்றுக்கிழமை ஊர் டோர்னமென்டில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடி, எல்லைக்கோட்டிலிருந்து நாள் முழுக்க எறிவான். திங்கட்கிழமை பள்ளியில் ஈட்டி எடுப்பான். கைக்கு இது பேஸ்பால், அது கிரிக்கெட் என்ற கணக்கெல்லாம் தெரியாது. ஆகவே ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்று முழு வேகத்தில் எறிந்த எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டை வாரம் ஒருமுறை பயிற்சியாளர் பார்க்க வேண்டும். முழங்கையின் உட்புறத்தில் வலி வந்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு மறுநாள் அனுப்பாமல், எலும்பு முறிவு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.

வேகத்தை அளப்பது

வேகமானி இல்லாமலேயே ஓரளவு சரியாக அளக்கலாம். விநாடிக்கு 240 பிரேம்கள் பதிவாகும் மெதுவியக்க வசதி இன்று பல கைப்பேசிகளில் உண்டு. ஹோம் பிளேட்டில் ஒரு வலையைக் கட்டி, பிட்சரும் வலையும் ஒரே காட்சியில் தெரியும்படி பக்கவாட்டில் கைப்பேசியை நிறுத்திப் பதிவு செய்யுங்கள். பந்து கையை விட்ட பிரேமிலிருந்து வலையைத் தொட்ட பிரேம் வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். கை முன்னால் நீண்டு விடுவிப்பதால் பந்து உண்மையில் கடப்பது ஏறத்தாழ 16.7 மீட்டர்தான். 120 பிரேம்கள் என்றால் அரை விநாடி. அதாவது சராசரியாக மணிக்கு 120 கி.மீ. காற்றுத் தடையால் பந்து வழியில் வேகம் இழப்பதால், கையை விட்டபோது இருந்த வேகம் இதைவிடச் சற்று அதிகமாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க: ரிங்கு சிங் அந்தப் போட்டியில் வென்றது மணிக்கு 87 மைல், அதாவது ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில். மேஜர் லீகில் நேர்பந்தின் சராசரி வேகம் இன்று 150 கி.மீ.யைத் தாண்டிவிட்டது. வேகம் மட்டும் போதாது. பத்துப் பந்துகளில் ஆறேழாவது பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையே, பிளேட்டின் 17 அங்குல அகலத்துக்குள் விழ வேண்டும்.

உள்நாட்டுப் படிகள்

பள்ளி அளவில் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் பேஸ்பாலும், அதைப் போலவே பெரிய பந்தால் ஆடும் சாஃப்ட்பாலும் உண்டு. கல்லூரியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் உண்டு. மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு நாள்களை உடற்கல்வி ஆசிரியர் வழியாகவும், ரேஸ்கோர்ஸில் உள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் வழியாகவும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்டத்தில் பேஸ்பால் ஆடும் பள்ளிகள் குறைவு என்பதால், திறமையுள்ள பிள்ளைக்கு மாநிலத் தேர்வு வரை செல்லும் வாய்ப்பு கிரிக்கெட்டைவிட அதிகம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பெரிய ஆட்டத்தில் கூட்டத்தோடு நின்று காத்திருக்கும் பல பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே நல்ல வாசல்.

சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் 2020-ல் 43 ஆட்டங்களிலிருந்து 63-ஆக விரிந்தபோது பேஸ்பாலும் அதில் இடம்பெற்றது. நாடு சார்பில் ஆடியதற்கும், மாநிலம் சார்பில் தேசியப் போட்டியில் ஆடியதற்கும், பல்கலைக்கழகம் சார்பில் ஆடியதற்கும், தேசியப் பள்ளிப் போட்டிக்கும் தனித்தனிப் படிவங்கள் உள்ளன. போட்டி முடிந்த கையோடு அவற்றில் உரிய அதிகாரியின் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனால், கையொப்பமிட வேண்டியவர் மாறியிருப்பார்.

பெண் பிள்ளைகளுக்கு இப்போதைக்குச் சாஃப்ட்பாலே அகலமான பாதை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலுடன் சாஃப்ட்பாலும் திரும்ப வருவதால், அதன்மேல் கவனம் கூடியிருக்கிறது.

கடல் கடப்பது

அமெரிக்க மேஜர் லீகில் 30 அணிகள். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ வாசிகள் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும், ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் வழியாகத் தேர்வாகிறார்கள். மற்ற நாட்டவர் டிராஃப்ட் இல்லாமல் நேரடியாக ஒரு அணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்; அதற்குக் குறைந்த வயது 16. அணிகள் பெரும்பாலும் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளையே தேடுகின்றன என்பதால், இருபது வயதைக் கடந்தவர் அசாதாரண வேகம் காட்டினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவது வழி, அமெரிக்காவின் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு உதவித்தொகையுடன் சேர்ந்து, ஆட்டத்தோடு படிப்பையும் முடிப்பது. அங்கே படித்தால் டிராஃப்ட் விதிகளுக்கு உட்பட வேண்டியிருக்கும். நடுத்தரக் குடும்பங்களுக்கு நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். கை கைவிட்டாலும் பட்டம் கையில் நிற்கும்.

ஜப்பானில் 12 அணிகளும் தென்கொரியாவில் 10 அணிகளும் கொண்ட வலுவான லீகுகள் உள்ளன. அவை வெளிநாட்டவரை எடுப்பது பெரும்பாலும் ஏற்கெனவே தேறிய வீரர்களாகத்தான். துபாயில் உருவாகியுள்ள பேஸ்பால் யுனைடெட் லீகில் மும்பையின் பெயரில் ஒரு அணி இருப்பதால், தெற்காசிய வீரர்களுக்கு அது அருகிலுள்ள மேடை.

எந்த வழியானாலும், பணம் அணியிடமிருந்து வீரருக்கு வர வேண்டுமே தவிர, வீரரிடமிருந்து யாருக்கும் போகக் கூடாது. 'தேர்வுக்கு அனுப்புகிறேன், முன்பணம் கட்டுங்கள்' என்று கேட்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். முகவர் என்று வருபவர், மேஜர் லீக் வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று அந்தச் சங்கத்திடமே கேட்டுச் சரிபாருங்கள்.

ஆவணங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் இடறும் இடம் தலைப்பெழுத்து. பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் தலைப்பெழுத்து, ஆதாரில் தந்தை பெயர் பின்னால், ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றிலும் வேறுவேறு என்று இருக்கும். வயதை மாற்றிச் சொன்ன வழக்குகள் பல வந்ததால், மேஜர் லீக் அமைப்பு வயதையும் அடையாளத்தையும் கடுமையாகச் சரிபார்க்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே தலைப்பெழுத்தை விரித்து எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயராக்கி, அதன்பின் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், வாய்ப்பு வரும் வேளையில் அலைய வேண்டியிருக்காது.

ஊதியமும் காலமும்

ஒப்பந்தம் கிடைத்தவுடன் கோடிகள் கொட்டுவதில்லை. ஷோஹெய் ஒஹ்தானி 2023 டிசம்பரில் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது உண்மை. அது உச்சியில் இருப்பவரின் கணக்கு. மைனர் லீகில் பயிற்சி மைய அணி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள் இருக்கின்றன. 2023-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் கீழ்ப்படியில் 19,800 டாலர், சிங்கிள் ஏ-வில் 26,200, டபிள் ஏ-வில் 30,250, டிரிபிள் ஏ-வில் 35,800. பெரும்பாலோருக்குத் தங்குமிடத்தை அணியே தருகிறது. மேஜர் லீகில் குறைந்தபட்சம் 2025-ல் 7,60,000 டாலர். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே இந்தத் தொழிலின் இயல்பைக் காட்டிவிடும். மேஜர் லீகிலும் பொதுவாக மூன்று ஆண்டுச் சேவை முடிந்த பிறகே ஊதியத்தை நடுவர் முன் கேட்கும் உரிமையும், ஆறு ஆண்டு முடிந்த பிறகே விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையும் கிடைக்கின்றன. வீட்டுக்கடனை மைனர் லீக் ஊதியத்தை நம்பி வாங்கக் கூடாது. முதல் மூன்று ஆண்டுகள் பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்புவான் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் குடும்பம் இருக்க முடியுமானால் மட்டுமே அனுப்புங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். என் கணிப்பில், முறையான பயிற்சி இருந்தும் 18 வயதுக்குள் 130 கி.மீ.யைத் தாண்டாத கை, வெளிநாட்டு ஒப்பந்தத்தை இலக்காக வைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக அணி, மாநில அணி, ஒதுக்கீட்டு வேலை என்ற வரிசையில் ஆட்டத்தைத் தொடரலாம். அதைத் தாண்டியவர், எறிந்த காட்சிகளைத் தேதியோடும் வேகத்தோடும் சேர்த்து, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த வெட்டாத பதிவுகளாகத் தொகுத்து, மேஜர் லீக் அணிகளுக்கும் அமெரிக்க ஈராண்டுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கும் அனுப்பத் தொடங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிவை அனுப்பினால், வேகம் கூடிவருவதும் அவர்கள் கண்ணில் படும்.